இசைத்தட்டு இயக்கி பழுதுபார்த்தல்

இசைத்தட்டு இயக்கி அல்லது ரெக்கார்டு பிளேயர் என்பது, சுழலும் தட்டின் வரிப்பள்ளத்தில் பொறிக்கப்பட்டுள்ள ஒலியலைகளை ஒரு முள்ளின் அதிர்வாகப் பெற்று, அவ்வதிர்வை மின்குறிப்பாக மாற்றித் தரும் கருவி ஆகும். பழைய இயக்கிகளில் காணப்படும் பழுதுகள் பெரும்பாலும் எளியவை. உலர்ந்த எண்ணெய், இறுகிய ரப்பர், தேய்ந்த முள், களிம்பேறிய இணைப்பு ஆகிய நான்கினுள் அவற்றில் பெரும்பகுதி அடங்கிவிடும். ஆயினும் பழுதான கருவியில் நல்ல தட்டை ஓட்டிப் பார்த்துப் பழுதைக் கண்டறிய முயல்வது தவறு. கருவிக்கு மாற்றுப்பாகம் தேடிப் பெறலாம். மறுபதிப்புக் காணாத பழைய தட்டு ஒன்றின் பள்ளம் கெட்டுவிட்டால் அதற்கு மாற்று இல்லை. ஆகையால் பழுதுபார்ப்பு மோட்டாரிலிருந்து அன்று, முள்ளிலிருந்தே தொடங்கப்பட வேண்டும்.

பெயர்கள்

பேச்சுவழக்கில் சாவி கொடுத்து இயக்கும் கிராமபோன், மின்சாரத்தில் இயங்கும் ரெக்கார்டு பிளேயர் ஆகிய இரண்டையும் "கிராமபோன்" என்றே அழைப்பர். இவை வேறானவை. கிராமபோனில் எஃகு ஊசியின் அதிர்வு ஒரு மெல்லிய சவ்வை நேரடியாக அதிரச் செய்து, குழாய் வழியே ஒலியாகிறது, மின்சாரம் தேவையில்லை. அதன் ஒலிமுனையின் எடை 100 கிராமுக்கும் மேலாகத் தட்டின்மீது அழுந்தும். அரக்கால் ஆன 78 சுழற்சித் தட்டுகள் இந்த எடையைத் தாங்குமாறு செய்யப்பட்டவை. வினைல் தட்டை அதில் ஒருமுறை ஓட்டினாலே பள்ளம் சிதைந்துவிடும். இங்குக் கூறப்படுவது மின் இயக்கிகளைப் பற்றியதாகும்.

தமிழ்நாட்டில் பயன்பாடு

இந்தியாவில் வணிக ஒலிப்பதிவு 1902 இல் கல்கத்தாவில் தொடங்கியது. தமிழகத்தில் நாடகப் பாடல்களும் கருநாடக இசையும், பின்னர் திரைப்பாடல்களும் தட்டுகளாக வெளிவந்தன. ஏ. வி. மெய்யப்பன் படத்தயாரிப்பில் இறங்குமுன் சென்னையில் பங்காளிகளுடன் சரசுவதி ஸ்டோர்ஸ் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தியவர். 'பராசக்தி' (1952) போன்ற படங்களின் வசனங்களும் தட்டுகளாக வந்தன. அமெரிக்காவில் 1948 இல் 33⅓ சுழற்சி நெடுநேரத் தட்டும், 1949 இல் 45 சுழற்சிச் சிறுதட்டும் அறிமுகமாயின. இந்தியாவில் 78 சுழற்சித் தட்டுகள் 1960-களின் இறுதிவரை அச்சிடப்பட்டு வந்தன. எனவே இங்கு விற்கப்பட்ட பழைய இயக்கிகள் பல, எல்லா வேகங்களையும் கொண்டவை. எச்.எம்.வி. நிறுவனத்தின் பியஸ்டா, கலிப்சோ முதலிய பெட்டி வடிவ இயக்கிகள் இல்லங்களில் மிகுதியாகக் காணப்பட்டன.

சிற்றூர்களில் சொந்தமாக இயக்கி வைத்திருந்தோர் சிலரே. அங்கே இசைத்தட்டைப் பெரும்பாலோர் கேட்டது "மைக் செட்" அல்லது "ரேடியோ செட்" எனப்படும் வாடகை ஒலிபெருக்கி நிலையங்கள் வழியாகத்தான். திருமணம், காதுகுத்து, கோயில் திருவிழா ஆகியவற்றுக்கு மரத்தின் உச்சியில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி, சீர்காழி கோவிந்தராஜன் பாடிய விநாயகர் பாடலுடன் தொடங்குவது வழக்கமாக இருந்தது. இவ்வியக்கிகள் நாள் முழுதும் ஓடின. பந்தலின் தூசியையும் வெயிலையும் தாங்கின. 1980-களில் ஒலிநாடா பரவியதும் இவை பரண் ஏறின. இன்று பழுதுபார்க்க வரும் இயக்கிகளில் பல, இவ்வாறு முப்பது நாற்பது ஆண்டுகள் ஓடாமல் கிடந்தவையே. ஓடித் தேய்ந்த பழுதைவிட ஓடாமல் கிடந்ததால் ஏற்பட்ட பழுதே இவற்றில் மிகுதி.

மின் பாதுகாப்பு

மின்செருகியைப் பிடுங்கிய பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும். வால்வு வகைப் பெட்டிகள் சிலவற்றில் மின்மாற்றி இன்றி உலோகச் சட்டமே மின்கம்பியுடன் இணைக்கப்பட்டிருக்கும். செருகியை மாற்றிச் செருகினால் சட்டம் முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடக்கூடும். இத்தகைய கருவியைத் தொடக்கநிலையாளர் தொடாமல் இருப்பதே நன்று. நிலைமாற்றிக்குக் குறுக்கே, தீப்பொறியைத் தணிக்கப் பொருத்தப்பட்டுள்ள பழைய தாள் மின்தேக்கி பெரும்பாலும் கசிவுடையதாகவே இருக்கும். அதனைச் சோதித்துக்கொண்டிராமல், மின்வழங்கலுக்குக் குறுக்கே பொருத்தத் தகுந்த எக்ஸ்2 வகை மின்தேக்கியால் மாற்றிவிடுவது முறை.

முள்

முள்ளின் முனை நீலக்கல்லாலோ வைரத்தாலோ ஆனது. நீலக்கல் முனை சுமார் 50 மணி நேரமும், வைர முனை 500 முதல் 1000 மணி நேரம் வரையும் உழைக்கும் என்பது பொதுவான கணக்கு. நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓடிய மைக் செட்டில் நீலக்கல் முனை ஒரு வாரம்கூட நிற்காது. ஆனால் ஒவ்வொரு வாரமும் முள் மாற்றியவர்கள் அரிது. மைக் செட்டிலிருந்து வரும் தட்டுகளில் பள்ளங்கள் சாம்பல் பூத்ததுபோல் வெளிறிக் காணப்படுவதற்கு இதுவே காரணம். தேய்ந்த முனை உருண்டை வடிவை இழந்து, இரு பக்கமும் உளிபோல் தட்டையாகி, பள்ளத்தின் சுவரைச் செதுக்கிவிடுகிறது. அவ்வாறு செதுக்கப்பட்ட ஒலியை எந்தப் புதிய முள்ளாலும் மீட்க இயலாது. முந்தைய பயன்பாடு தெரியாத முள்ளைத் தேய்ந்ததாகவே கொள்ள வேண்டும்.

முள்ளின் அளவும் முக்கியமானது. 78 சுழற்சித் தட்டின் பள்ளம் அகலமானது. அதற்குச் சுமார் 75 மைக்ரோமீட்டர் ஆரமுடைய முனை தேவை. நெடுநேரத் தட்டுக்கு 18 முதல் 25 மைக்ரோமீட்டர் போதும். நுண்முனையை 78 தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கை உரசி இரைச்சலையே தரும். பெருமுனையை வினைல் தட்டில் வைத்தால் பள்ளத்தின் மேல்விளிம்பை உடைக்கும். பழைய இயக்கிகள் பலவற்றில் இரு முனைகளும் ஒரே பிக்கப்பில் முதுகோடு முதுகாக அமைந்து, சிறு நெம்பைத் திருப்பினால் மாறுமாறு இருக்கும். நெம்பு எப்பக்கம் நிற்கிறது என்று பாராமல் தட்டை ஓட்டுவதே மிகப் பரவலான பிழை.

பிக்கப்

முள்ளின் அதிர்வை மின்குறிப்பாக்கும் உறுப்பு பிக்கப் ஆகும். மலிவான பழைய இயக்கிகளில் படிக வகை பிக்கப் பயன்பட்டது. இதிலுள்ள ரோசெல் உப்புப் படிகம் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. சுமார் 55 பாகை செல்சியசில் சிதைந்துவிடும். கோடையில் ஓட்டுக்கூரையின்கீழ் பரணில் கிடந்த பெட்டியின் உட்புறம் இந்த வெப்பத்தை நெருங்குவது அரிதன்று. மழைக்காலம் எஞ்சிய வேலையை முடித்துவிடும். எனவே படிக பிக்கப் உள்ள இயக்கியில் தட்டு சுழன்றும் ஒலி வராவிடில் முதலில் ஐயுற வேண்டியது அதனையே. அதனைப் பழுதுபார்க்க இயலாது. பீங்கான் வகை பிக்கப் ஒன்றைப் பொருத்துவதே தீர்வு. பீங்கான் வகை வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கும்.

படிக, பீங்கான் வகைகள் அரை வோல்ட் அளவிலான வலுவான குறிப்பைத் தருவன. சுமார் 1 மெகா ஓம் உள்ளீட்டுத் தடையை வேண்டுவன. இவற்றை இன்றைய பெருக்கியின் சாதாரண உள்ளீட்டில் நேரே இணைத்தால் தாழ்சுரங்கள் மறைந்து ஒலி மெலிந்து கேட்கும். நகரும் காந்த வகை பிக்கப் தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. அதற்கு 47 கிலோ ஓம் உள்ளீடும், ஆர்.ஐ.ஏ.ஏ. சமன்செய்தலும் கொண்ட தனி முன்பெருக்கி வேண்டும். "ஒலி மிகக் குறைவு" என்று கொண்டுவரப்படும் கருவிகள் சில, பழுதே இல்லாமல் தவறாக இணைக்கப்பட்டவையாக இருக்கும்.

ஸ்டீரியோவில் ஒரு பக்கம் மட்டும் ஒலி வராவிடில், பிக்கப்பின் பின்புறமுள்ள கம்பிகளை இடவலம் மாற்றிப் பார்த்தல் வேண்டும். ஊமைப் பக்கம் இடம் மாறினால் குற்றம் பிக்கப்பில் உள்ளது. மாறாவிடில் கம்பியிலோ பெருக்கியிலோ உள்ளது. வழக்கமான நிற ஒழுங்கில் இடப்பக்கத்துக்கு வெள்ளையும் நீலமும், வலப்பக்கத்துக்குச் சிவப்பும் பச்சையும் அமையும். பிக்கப் பொருத்தப்பட்ட நிலையில் அதன் முனைகளில் பற்றவைக்கக் கூடாது. வெப்பம் உள்ளே சென்று அதனை அழித்துவிடும். பெருமளவிலான முனகல் ஒலி கேட்குமாயின், ஒலிக்கரத்தின் தரைக்கம்பி அறுந்திருக்கிறதா என்று காண வேண்டும்.

சுழலாமையும் மெதுவாகச் சுழலுதலும்

பெட்டியைத் திறக்குமுன் வீட்டின் மின்னழுத்தத்தை அளந்துகொள்வது நல்லது. தூண்டல் மோட்டாரின் இழுவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கேற்ப மாறும். 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால் இழுவிசை ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்காகிவிடும். மாலையில் மட்டும் மெதுவாக ஓடும் இயக்கியில் குற்றம் ஊர் மின்மாற்றியிலும் இருக்கலாம். மலிவான இன்வெர்ட்டரில் ஓட்டியும் வேகத்தை மதிப்பிடக் கூடாது.

மோட்டார் முனகியும் சுழலாது நின்றால் அதன் அச்சாணியில் பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். மோட்டாரைப் பிரித்து, தாங்கிகளை ஸ்பிரிட்டால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஓரிரு துளி இட்டால் பெரும்பாலும் உயிர்பெறும். தேங்காய் எண்ணெய் கையருகே இருக்கிறது என்பதற்காக அதனை இடுவோர் உண்டு. அது நாளடைவில் காறிப் பிசுபிசுத்து முன்னிலும் கெடுதல் செய்யும். சுழல்தட்டின் நடு அச்சின் அடியில் சிறு எஃகுக் குண்டு ஒன்று இருக்கும். தட்டைத் தூக்கும்போது அது உருண்டு தொலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மோட்டாரின் சுழற்சியைத் தட்டுக்குக் கடத்த இரு முறைகள் உள்ளன. பழைய இயக்கிகளில் ரப்பர் விளிம்புடைய இடைச்சக்கரம் மோட்டாரின் படியச்சுக்கும் தட்டின் உள்விளிம்புக்கும் இடையே அழுந்தி நிற்கும். பிற்கால இயக்கிகளில் ரப்பர் வார் பயன்பட்டது. வார் நம் வெப்பத்தில் தாராக உருகி ஒட்டிக்கொள்வது இயல்பு. ஸ்பிரிட்டால் அதனை முழுவதும் துடைத்த பின்னரே புதிய வாரை மாட்ட வேண்டும். வாரின் கருமை ஓர் இம்மி ஒட்டியிருந்தாலும் வேகம் அலையும்.

இடைச்சக்கரத்தின் ரப்பர் பளபளத்து இறுகியிருந்தால் ஸ்பிரிட்டால் துடைத்து, மிக மென்மையான உப்புத்தாளால் ஒருமுறை மட்டும் பளபளப்பை நீக்கலாம். அதற்குமேல் தேய்த்தால் வட்டம் கெடும். இயக்கியை நிறுத்தாமல் மின்சாரத்தை மட்டும் துண்டித்து ஆண்டுக்கணக்கில் விட்டிருந்தால், அழுந்திய இடத்தில் ரப்பரில் பள்ளம் விழுந்திருக்கும். அத்தகைய சக்கரம் சுற்றுக்கு ஒருமுறை "டொக்" என்று இடிக்கும். புதிய ரப்பர் பிடிப்பித்தலே இதற்கு வழி.

எந்த ஒலி எவ்வளவு இடைவெளியில் வருகிறது என்பதைக் கொண்டே குற்றமுள்ள இடத்தை அறியலாம். 33⅓ வேகத்தில் தட்டு ஒருமுறை சுற்ற 1.8 நொடியும், 78 வேகத்தில் சுமார் 0.77 நொடியும் ஆகும். அதே இடைவெளியில் வரும் ஒலி தட்டிலிருந்தோ சுழல்தட்டிலிருந்தோ வருகிறது. ஒரே சுற்றில் சீராகப் பலமுறை வந்தால் இடைச்சக்கரத்தை நோக்க வேண்டும். தொடர்ந்த அடி உறுமல் மோட்டாரிலிருந்து வருவது. அதனைத் தாங்கும் ரப்பர் மெத்தைகள் கல்லாகியிருக்கும்.

வேகமும் சுருதியும்

வேகத்தை அளக்கச் சிறப்புக் கருவி தேவையில்லை. தட்டின் விளிம்பில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, 3 நிமிடத்தில் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணலாம். 33⅓ வேகத்தில் சரியாக 100 சுற்று வரவேண்டும். இன்னும் நுட்பமாக அறியக் கோட்டு வட்டத் தாள் உதவும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை துடிப்பதால், 33⅓ வேகத்துக்கு 180 கோடுகளும் 78-க்கு 77 கோடுகளும் கொண்ட வட்டம் அசையாது நிற்பதுபோல் தோன்றும். பழைய சோக் வைத்த குழல்விளக்கின்கீழ் இது தெளிவாகத் தெரியும். எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் துடிப்பு இராது; அங்கே இச்சோதனை பயன்படாது.

அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் கொண்டுவரப்படும் இயக்கிகள் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானவை. மின்மாற்றி வைத்து 110 வோல்ட்டாகக் குறைத்தாலும் அதிர்வெண் மாறாது. தூண்டல் மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழன்று, 33⅓ என்பது சுமார் 28 ஆகிவிடும். மோட்டாரின் படியச்சை 50 ஹெர்ட்சுக்குரிய பருமனான அச்சாக மாற்ற வேண்டும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், இங்கிலாந்து ஆகிய நாடுகளின் கருவிகளுக்கு இச்சிக்கல் இல்லை.

தமிழிசை கேட்போருக்கு வேகப்பிழை வெறும் குறையன்று. வேகம் சுமார் 6 விழுக்காடு மாறினால் சுருதி அரைக் கட்டை மாறிவிடும். 78 ஓடவேண்டிய இடத்தில் 73 ஓடும் இயக்கியில் பழைய நாடகப் பாடகரின் குரல் ஒன்றைக் கேட்டு, அவர் இத்தனை கட்டையில் பாடினார் என்று எழுதிவிட முடியும். எழுதியது பிழையாக இருக்கும். கி.பி. 1925-க்கு முற்பட்ட, மின்முறை அல்லாத பதிவுகள் தம்மளவிலேயே சரியாக 78 வேகத்தில் பதியப்பட்டவை அல்ல. ஆகவே இயக்கியை முதலில் துல்லியமாக 78-க்குக் கொண்டுவந்து, அதன் பின்னரே தட்டின் உண்மை வேகத்தை ஆர்மோனியத்தோடு ஒப்பிட்டு ஆராய வேண்டும்.

முள் தாவுதல்

ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்பவரைக் "கீறல் விழுந்த ரெக்கார்டு" என்பர். கீறலால் பள்ளத்தின் சுவர் உடைந்து, முள் முந்திய சுற்றில் விழுவதே இதன் காரணம். ஆயினும் பலநேரங்களில் குற்றம் தட்டினுடையது அன்று. ஒலிக்கரத்தின் தாங்கி இறுகியிருந்தாலும், தானியங்கி நிறுத்தியின் நெம்பில் மசகு உலர்ந்திருந்தாலும் கரம் உட்பக்கம் நகர மறுத்து முள் தாவும். வேறு இரண்டு தட்டுகளிலும் ஏறத்தாழ அதே ஆரத்தில் தாவினால் கருவியையே நோக்க வேண்டும்.

மைக் செட்டுகளில் இதற்குக் கைவந்த மருந்து, கரத்தின் தலையில் காசு வைப்பது. பழைய செப்பு நிக்கல் 25 காசின் எடை 2.5 கிராம். பீங்கான் பிக்கப்புக்கு உரிய அழுத்தம் 3 முதல் 6 கிராம் வரை; இரண்டு காசு வைத்தால் அது இருமடங்காகிவிடும். முள் தாவாது; மாறாகப் பள்ளத்தை உழுதுகொண்டு செல்லும். அழுத்தம் மிகக் குறைந்தாலும் கேடுதான்: முள் பள்ளத்துள் துள்ளிச் சுவரை அடிக்கும். பிக்கப்பைச் செய்தவர் குறிப்பிட்ட அளவின் நடுப்பகுதியே பாதுகாப்பானது. அதே 25 காசை வேறுவிதமாகப் பயன்படுத்தலாம். அளவுகோலை நடுவில் தாங்கி, ஒரு முனையில் காசையும் மறுமுனையில் முள்ளையும் வைத்தால் எளிய தராசு ஆகும்.

தூசியும் தூய்மையும்

கீழப்பழுவூர், அரியலூர் வட்டாரம் சுண்ணாம்புக்கல் படுகையின்மேல் அமைந்தது. சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும், அவற்றுக்குச் செல்லும் சரக்குந்துகளும் உள்ள இவ்வட்டாரத்தில் சாலையோர வீடுகளில் வெண்தூசி படிவது இயல்பு. நெடுநேரத் தட்டின் பள்ளம் சுமார் 50 மைக்ரோமீட்டர் அகலமே உடையது. அதனுள் புகுந்த கல்தூசி முள்ளுக்கும் சுவருக்கும் இடையே அரைபட்டு இரண்டையும் தேய்க்கும். இங்கே தட்டை முதலில் உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடைக்க வேண்டும். எடுத்தவுடன் ஈரத்துணி வைத்தால் சிமெண்ட் தூசி குழைந்து பள்ளத்தில் படிந்து இறுகக்கூடும். கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் சுண்ணாம்பு மிகுந்தவை. உலர்ந்ததும் வெள்ளைப் படிவை விட்டுச் செல்லும். மின்கலக் கடையில் கிடைக்கும் வாலைவடி நீரே ஏற்றது.

வினைல் தட்டையும் அரக்குத் தட்டையும் ஒன்றுபோல் கழுவக் கூடாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். வினைல் தட்டுக்குப் பயன்படும் ஆல்ககால் கலந்த தூய்மிப்பானை 78 தட்டின்மேல் ஊற்றினால் ஒலிப்பதிவே கரைந்து துணியில் வந்துவிடும். அதற்கு வாலைவடி நீரும் ஒரு துளி மென்சவர்க்காரமும் போதும். நடுவிலுள்ள காகித வில்லை நனையாமல் கழுவி, உடனே ஒற்றி எடுத்தல் வேண்டும். தட்டின் வகை ஐயமாக இருந்தால் எடையால் அறியலாம்: அரக்குத் தட்டு கனமானது, வளையாது, கீழே விழுந்தால் நொறுங்கும்.

உதிரிப்பாகங்களும் சோதனை ஓட்டமும்

சென்னையில் பழைய தட்டுகளுக்கும் இயக்கிகளுக்கும் பெயர்பெற்ற மூர் மார்க்கெட் 1985 இல் தீக்கிரையானது. அதன் வணிகர்கள் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்குச் சென்றனர். மின்னணு உதிரிகளுக்கு ரிச்சி தெரு அறியப்பட்டது. வார்களையும் பீங்கான் பிக்கப்புகளையும் இணைய வணிகத்தில் பெறலாம். இடைச்சக்கரத்துக்கு ரப்பர் பிடிப்பிக்க, அச்சு இயந்திர உருளைகளுக்கு ரப்பர் வார்ப்போரை அணுகுவது ஒரு வழி.

பழுது நீங்கிய இயக்கியில் முதலில் ஓட்ட வேண்டியது எங்கும் எளிதில் கிடைக்கும் ஒரு சாதாரணத் தட்டையே. அதனை ஓட்டியபின் முள்ளின் முனையில் கருந்தூள் திரண்டிருக்கிறதா என்று உருப்பெருக்கியால் காண வேண்டும். வினைல் தூள் சுருள்சுருளாக ஒட்டியிருந்தால் முள் இன்னும் பள்ளத்தைச் செதுக்குகிறது என்று பொருள். அரிய 78 தட்டு எதுவும் கைவசம் இருந்தால், அதனை இவ்வியக்கியில் பன்முறை ஓட்டாமல், தக்க முள் பொருத்திய கருவியில் ஒருமுறை ஓட்டிக் கணினியில் பதிந்துகொள்ளலாம். ஸ்டீரியோ பிக்கப்பில் 78 தட்டைப் பதியும்போது இரு பக்கங்களையும் ஒன்றாக இணைத்தால், செங்குத்து அசைவால் வரும் இரைச்சல் பெருமளவு நீங்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் நூல்களோடு இசைத்தட்டுகளையும் பாதுகாத்து வருகிறது. விரிசல் கண்ட தட்டையோ, வேறெங்கும் காணாத தட்டையோ வீட்டில் ஓட்டிப் பார்க்காமல் இத்தகைய நிறுவனத்தை அணுகுவது நல்லது.